ஆணி அடிக்கக் கூடாது

மாடியில் யாரோ ஆணி அடித்தார்கள்.

ரூஃபஸ் அப்போதுதான் மல்லாபூர் ஃபேக்டரியிலிருந்து வந்து, நனைந்த சாக்ஸைக் கழற்றி ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு ஹாலில் ஈரக் காலோடு நின்றிருந்தான். வெளியே மழை தகரத்திலும் வாழை இலையிலும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து தனியாகப் பிரிந்து வந்தது அந்தச் சத்தம். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக். அடிக்கிறவருக்கு அவசரமே இல்லை. ஆணியின் தலையைப் பார்த்து, கையை ஓங்கி, நிதானமாக அடிக்கிற சத்தம் அது. சுவர் வழியாக இறங்கி வந்து ஹால் கடிகாரத்தின் கண்ணாடியை லேசாக நடுங்க வைத்தது.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடியிருக்க வருகிற எவரிடமும் அவன் முதலில் சொல்வது இதைத்தான்: ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர் மாட்ட வேண்டுமா, ஒட்டுகிற கொக்கி வாங்கிக்கொள்ளுங்கள். சாமி படமா, அலமாரியில் வையுங்கள். சுவரில் கைவைக்கிற வேலை மட்டும் கூடாது. முதல் மாடியில் இருக்கிற தங்கம் ஆன்ட்டி குடிவந்த புதிதில் ஒரே ஒரு ஆணி அடித்துவிட்டு அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அந்தச் சந்து முழுவதற்கும் தெரியும்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான். "யாரு அது! ஆணி அடிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லுதது!"

சத்தம் நின்றது.

சமையலறையிலிருந்து பிளெசி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "யாரத்தான் ஏசுதீங்க?"

"மேல ஆணி அடிக்காங்க. உனக்குக் கேக்கலையா?"

"தங்கம் ஆன்ட்டியா?"

"இல்ல. அதுக்கும் மேல."

பிளெசி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதுக்கும் மேல யாரு இருக்கா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கீழே அவர்கள் மூன்று பேர்: அவன், பிளெசி, யூ.கே.ஜி. படிக்கிற ரேச்சல். முதல் மாடியில் ரிட்டயர்ட் ஆன கிருஷ்ணமூர்த்தி அங்கிளும் அவர் மனைவி தங்கமும். அதற்கு மேலே மொட்டை மாடியில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மேடையும்தான். ஹைதராபாத்தில் மொட்டை மாடியில் ஒரு அறை கட்டிவிட்டால் அதற்குப் பெயர் பென்ட் ஹவுஸ். அந்த பென்ட் ஹவுஸில் வெயில் காலத்திலிருந்தே ஆள் இல்லை. 'டு லெட்' போர்டு கேட்டில் தொங்கி மழையில் எழுத்து கரைந்துகொண்டிருந்தது.

டொக், என்றது மேலே.

சாவியை எடுத்துக்கொண்டு படியேறினான். படிக்கட்டு விளக்கு எரியவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் தங்கம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதற்காகவே காத்திருந்தவள்போல நின்றாள்.

"என்ன ஓனர் தம்பி, உங்க ரூல் எல்லாம் எங்களுக்கு மட்டும்தானா? மேல வந்திருக்கிறவங்களுக்குக் கிடையாதா?"

"மேல யாரும் வரலையே ஆன்ட்டி."

"நல்லா இருக்கே கதை! போன வாரமே வந்து பால் காய்ச்சிட்டாங்களே. பொங்கி வழிஞ்சு தீய்ஞ்ச வாசனை இங்க வரைக்கும் வந்துது. பக்கத்துல இருக்கோம், ஒரு டம்ளர் பால் கொண்டு வந்து குடுக்கணும்னு தோணலை பாருங்க. நானும் எத்தனையோ வீடு பாத்துட்டேன், இப்படி ஒரு பொம்பளையப் பாத்ததில்லை."

"பொம்பளையா? பாத்தீங்களா?"

தங்கம் ஒரு கணம் யோசித்தாள். "கால் சத்தம் கேக்குதே. கொலுசு போட்ட கால்" என்றாள்.

மொட்டை மாடிக் கதவைத் தள்ளியதும் மழை முகத்தில் அடித்தது. அறைக்கதவில் அவன் போட்ட பூட்டு அவன் போட்டபடியே தொங்கியது. திறந்தான். மூடிக் கிடந்த அறையின் புழுக்கம், சுண்ணாம்பு வாசனை, அதற்குள்ளே சந்தேகமே இல்லாமல் தீய்ந்த பாலின் வாசனை. தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற அந்த இனிப்புக் கருகல். செல்போன் வெளிச்சத்தில் சமையல் மேடையைப் பார்த்தான். அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு சொட்டுப் பால் இல்லை. மேடைக் கல்லில் கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. புதுசு. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு சிட்டிகை சுவர்ப்பொடி. ரூஃபஸ் இரண்டு விரலால் பிடித்து இழுத்தான், ஆட்டினான், செருப்பால் தட்டினான். அசையவில்லை. கடைசியில், இந்த ஓட்டையை அடைக்க வெள்ளை சிமென்ட் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கதவைப் பூட்டினான். பயப்படுவதற்கு முன்னால் அப்படித்தான் நினைத்தான், பாவி.

அன்றைக்கு அவனால் படுக்க முடியவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தான். தண்ணீர் குடித்தான். கேட்டைப் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான், எழுந்தான். தங்கம் சொன்ன "போன வாரம்" அவனுக்குள் எதையோ நோண்டிக்கொண்டே இருந்தது. போன வாரம் என்ன நடந்தது? சம்ப் கழுவினான். அவ்வளவுதான்.

இல்லை. அவ்வளவுதானா?

சம்ப் கழுவிய அன்றைக்கு மாலை கரண்ட் இல்லை. வாசலில் தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரில் குனிந்து, வாளியால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தான். அப்போது கேட் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

"மேல வீடு காலியா?"

தமிழ்! அதுவும் அவன் அப்பா ஊர்ப்பக்கத் தமிழ். அவன் வீடு இருக்கிற திருமுல்கேரியில் வீடு கேட்டு வருகிறவர்கள் தெலுங்கில் கேட்பார்கள், ஹிந்தியில் கேட்பார்கள். மழையில் நனைந்துகொண்டு, இருட்டில், திருநெல்வேலித் தமிழில் கேட்க ஒரு ஆள் வந்திருக்கிறது என்பதில் அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தொட்டிக்குள் இருந்தபடியே, நிமிராமலே பதில் சொன்னான்.

"ஹவ், ஆமா, காலிதான். மேல போய்ப் பாத்துக்கோங்க. பிடிச்சிருந்தா வந்துருங்க. உங்க வீடுன்னு நெனச்சுக்கோங்க."

ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவன் வாயில் அது தானாக வருகிற வார்த்தை. யார் வீட்டுக்குப் போனாலும் "ஆப் கா ஹீ கர் ஹை" என்பார்கள், உங்கள் வீடுதான் என்று. சொல்கிறவனும் அப்படி நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவனும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மரியாதை. அதைத்தான் அவன் தமிழில் சொன்னான்.

பிறகு அந்தக் குரல், தொட்டியின் வாய்க்கு நேர் மேலே, மிகப் பக்கத்தில்: "என் வீடுன்னே நெனச்சுக்கிடட்டுமா?"

"ஹவ் ஹவ். தாராளமா."

வாளியை மேலே தூக்கி வைத்துவிட்டு அவன் ஏறி வந்தபோது வாசலில் யாரும் இல்லை. கேட் உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது. சரி, போய்விட்டார்கள் போல என்று குளிக்கப் போனான். அதோடு மறந்தும் போனான்.

இப்போது ஹாலின் நடுவில் நின்றுகொண்டு, அந்தத் தாழை நினைத்தான். உள்ளே வந்தவள் வெளியே போகவே இல்லை.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. படிக்கட்டு விளக்கை அவன் போட்டால் யாரோ அணைத்தார்கள். கரண்ட் வீணாகக் கூடாது என்று எப்போதும் அதை அணைத்துக்கொண்டு திரிகிறவன் அவன்தான். ஒரு நாள் வேலையிலிருந்து வருகிறான், கேட்டில் உள்பக்கமாகப் பூட்டு. அவனுடைய பூட்டு. "ஏன் பிளெசி பூட்டின?" என்று தெருவில் நின்று கத்தினால், "நான் எங்க பூட்டினேன்?" என்று அவள் சாவியோடு ஓடி வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜெகநாதன் மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறார். சொந்த வீட்டு வாசலில், கையில் டிபன் பாக்ஸோடு, யாராவது திறந்துவிட மாட்டார்களா என்று நிற்கிற ஓனர். அவமானமாக இருந்தது.

அப்புறம் மோட்டார். மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும்போது படிக்கட்டு அடியில் நின்று, "மோட்டார் போடுதேன், பிடிச்சுக்கோங்க!" என்று குரல் கொடுப்பது அவன் வழக்கம். சமையலறைச் சுவரில்தான் சுவிட்ச். அன்று காலை அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மோட்டார் தானாக உறுமத் தொடங்கியது. சமையலறையில் யாரும் இல்லை. அதோடு மேலேயிருந்து, படிக்கட்டு வழியாக, ஒரு பெண் குரல் இறங்கி வந்தது.

"மோட்டார் போடுதேன், பிடிச்சுக்கோங்க!"

பேஸ்ட் நுரையோடு அப்படியே நின்றான். முதல் மாடியில் தங்கம் சாவகாசமாகப் பதில் சொன்னாள், "ஆ, பிடிச்சுக்கறோம்!" குடம் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

பிளெசியிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தொட்டியில் நடந்ததை அவன் சொல்லி முடித்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. "யாரு என்னன்னு தெரியாம வாங்கன்னுட்டீங்களே. அறிவு வேண்டாமா?" என்றாள். உடனே அழவும் செய்தாள். "பிள்ளைய வச்சுக்கிட்டு என்னால இங்க இருக்க முடியாது. அம்மா வீட்டுக்குப் போயிருவோம். இன்னைக்கே."

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் பாஸ்டர் ஐயரைக் கூட்டிட்டு வாரேன். வீட்டுல ஜெபம் பண்ணுவோம். எல்லாம் சரியாப் போகும்."

"அதுவரைக்கும்?"

"இது என் வீடு பிளெசி. நான் எதுக்குப் போகணும்?"

அவன் அதைச் சொன்ன விதத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். அவன் சின்ன வயதில் அவன் குடும்பம் செகந்தராபாத்தில் வாடகைக்குப் போர்ஷன் போர்ஷனாக மாறியிருக்கிறது. ஒரு வீட்டில் "எத்தனை பேர்?" என்று ஓனரம்மா கேட்டபோது, ஆள் அதிகம் என்றால் தரமாட்டார்கள் என்று அவன் அம்மா ஒரு தலையைக் குறைத்துச் சொல்லிவிட்டாள். குறைந்த தலை அவனுடையது. ஓனரம்மா மாடியிலிருந்து இறங்கி வருகிற நேரமெல்லாம் அவன் தெருமுனையில் போய் நிற்க வேண்டும். பசித்தாலும் நிற்க வேண்டும், மழை பெய்தாலும் நிற்க வேண்டும். என் பிள்ளைக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்துத்தான் அவன் கடன்பட்டு இந்த வீட்டை வாங்கினான். வெறும் செங்கல்லா இது? அவனுக்கு அது புரிந்திருந்தது. வேறு எதுவும் புரியவில்லை.

மறுநாள் மாலை ரேச்சல் ஹாலில் தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ரூஃபஸ் அவளுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். ரேச்சல் தலை நிமிராமல் சொன்னாள்.

"டாடி, ஓனர் ஆன்ட்டிகிட்ட ஜடை போட்டுக்க ஜாவூம் க்யா?" போகட்டுமா என்கிறாள். அவள் தமிழ் அப்படித்தான், பாதியில் ஹிந்திக்குள் விழுந்துவிடும்.

"எந்த ஆன்ட்டிம்மா?"

"ஓனர் ஆன்ட்டி. மேல இருக்காங்கள்ள."

"மேல யாரும் இல்ல. ஓனர் நாமதான். டாடிதான் ஓனர்."

ரேச்சல் சிரித்தாள். பெரியவர்கள் தப்புச் சொன்னால் குழந்தைகள் சிரிக்கிற சிரிப்பு. "நை டாடி. நாம ரென்ட்டுக்கு இருக்கோம். ஆன்ட்டிதான் சொன்னாங்க."

ரூஃபஸ் குனிந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். "ஆன்ட்டி வேற என்ன சொன்னாங்க?"

"ஹவ் மெனி மெம்பர்ஸ் கேட்டாங்க. நான் த்ரீ சொன்னேன்." அவள் பச்சைக் கிரேயானை வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தாள். "த்ரீ ஜாஸ்தியாம். கீழ டூ மெம்பர்ஸ் போதுமாம்."

"நீ மேல போகக் கூடாது. கேக்குதா? போகவே கூடாது."

"கைக்கு டாடி?"

ஏன் என்று கேட்கிறாள். அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். "நக்கோ டாடி, வேண்டாம், கலர் அழியும்" என்று அவள் நெளிந்தாள். அவள் தலையிலிருந்து வந்தது தேங்காய் எண்ணெய் வாசனை இல்லை. தீய்ந்த பால்.

சனிக்கிழமை. ஒரு நாள் தாங்கிவிட்டால் ஐயர் வந்துவிடுவார் என்று காலையிலிருந்து தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தான். பிளெசி ரேச்சலைக் கையை விட்டு இறக்கவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் மேகம் கூடி, வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டியது. மேலே ஆணிச் சத்தம் ஆரம்பித்தது. ஆனால் இந்த முறை மொட்டை மாடியில் இல்லை. அதற்குக் கீழே. முதல் மாடியில்.

ஏறிப் போனான். தங்கத்தின் கதவு விரியத் திறந்திருந்தது. அவள் நாற்காலி மேல் நின்று, சுத்தியலால் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க ஆணி. வரிசையாக, நெருக்கமாக, ஒன்றிலும் எதுவும் மாட்டாமல்.

"என்ன ஆன்ட்டி இது?"

"புது ஓனர் பெர்மிஷன் குடுத்துட்டாங்க தம்பி" என்றாள் மலர்ச்சியோடு. "எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்கோன்னுட்டாங்க. நல்ல மனுஷி. நாந்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்."

ரூஃபஸ் உள்ளே பார்த்தான். தரையில் ஒரே ஒரு தட்டு. ஒரே ஒரு டம்ளர். ஜன்னல் ஓரம் இருந்த சாய்வு நாற்காலியின் துணி இன்னும் குழிந்திருந்தது. அதன் கையில் ஒரு மூக்குக் கண்ணாடி மடக்கி வைத்திருந்தது.

"அங்கிள் எங்க?"

"எந்த அங்கிள்?"

"கிருஷ்ணமூர்த்தி அங்கிள். உங்க வீட்டுக்காரர்."

தங்கம் சுத்தியலோடு திரும்பினாள். முகத்தில் கேலி இல்லை, பயமும் இல்லை. வழி கேட்டு வந்த ஆளைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது. "எனக்கு ஏதுப்பா வீட்டுக்காரரு? நான் தனிக்கட்டை. ஒரு ஆள்னா சரின்னுதான் ஓனரம்மா இருக்க விட்டிருக்காங்க."

கதவோரம் ஆண்கள் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அவன் பார்வை போன இடத்தைத் தங்கமும் பார்த்தாள். "யாருதோ தெரியல. யாரோ இங்க விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள். பிறகு அவனை உற்றுப் பார்த்தாள். "ஆமா, நீங்க எந்த போர்ஷன்?"

அவன் படியில் விழுந்து எழுந்து ஓடினான்.

வீடு. சுவர். கடன். கௌரவம். எல்லாம் அந்தப் படியிலேயே விழுந்துவிட்டது. இரண்டு பேர் போதும் என்றால் மூன்றாவது யார்? அவனுக்குத் தெரியும். சின்னது எதுவோ அதைத்தான் குறைப்பார்கள். எப்போதும் அதைத்தான்.

"பிளெசி! கிளம்பு! பிள்ளையத் தூக்கு!"

அவள் கேள்வி கேட்கவில்லை. ஒரு பையில் கைக்கு வந்த துணியைத் திணித்தாள். ரூஃபஸ் தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினான். மஞ்சள் சட்டையில் இருந்த ரேச்சலைத் தானே தூக்கிக்கொண்டு போய் உள்பக்கமாக உட்கார வைத்தான். அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. உயிருள்ள, எரிச்சலடைந்த, சின்னக் கன்னம். "நான் ஸ்கூட்டர்ல பின்னாலேயே வாரேன். அம்மா கையை விடக் கூடாது" என்றான். "ஹவ் டாடி" என்றாள் ரேச்சல்.

ஸ்கூட்டரை எடுக்க உள்ளே வந்தவன், படிக்கட்டு அடியில் நின்றான். மேலே இருட்டு. அந்த இருட்டைப் பார்த்துக் கை கூப்பினான். அவன் அப்பா எத்தனையோ ஓனர்கள் முன்னால் கூப்பியதுபோலவே கூப்பினான்.

"நாங்க காலி பண்ணிடுதோம். வீட்ட நீங்களே வச்சுக்கோங்க. எங்கள விட்டுருங்க."

கொலுசு ஒருமுறை அசைந்தது. பிறகு அந்தக் குரல், ஊர்ப்பாசம் வழிய, மிருதுவாக இறங்கி வந்தது.

"சரிப்பா. ரெண்டு பேரும் பத்திரமாப் போயிட்டு வாங்க."

அவன் போய்விட்டான். விட்டது சனியன் என்ற நினைப்பில் அவன் எதையும் கவனிக்கவில்லை.

மாமியார் வீடு இருக்கிற போவன்பள்ளிக்குப் போகிற ரோட்டில் மழை சாட்டையாக அடித்தது. ஆட்டோவின் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலில் ரேச்சலின் முகம் ஒட்டியிருந்தது. மூக்கை அழுத்தி, நாக்கை நீட்டி, பின்னால் வருகிற அப்பாவுக்கு வேடிக்கை காட்டினாள். அவனும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். காய்கறி மார்க்கெட்டை நெருங்கும்போது கோஸ் இலையும் அழுகின தக்காளியும் கலந்த வாடை வந்தது. மூட்டை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நுழைந்தது. ஆட்டோ மறைந்தது. ஹாரன் அடித்தான். லாரி ஒதுங்கியது. ஆட்டோ தெரிந்தது. பிளாஸ்டிக் ஜன்னலில் மூச்சுப் பட்ட வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது. அம்மா மடியில் படுத்திருப்பாள்.

மாமியார் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பிளெசி இறங்கினாள். பையை எடுத்தாள். காசு கொடுத்தாள். ஆட்டோ கிளம்பியது.

"ஏய்! ரேச்சல்! ரேச்சல் எங்க?"

ஆட்டோவை ஓடிப் பிடித்தான். சீட் காலி. சீட்டுக்கு அடியிலும் காலி. டிரைவர் தெலுங்கில் ஏதோ திட்டினார்.

வாசலில் மாமியார் ஜெயசுந்தரி குடையோடு வந்தாள். "வாங்க மாப்ள. ஏன் இந்த மழையில ரெண்டு பேரும்?"

ரெண்டு பேரும்.

"பிளெசி, பிள்ளை எங்க?"

"எந்தப் பிள்ளை?" பிளெசியின் கண்களில் தங்கத்தின் பார்வை. பிறகு அது உடைந்து வலியானது. "ஏன் அத்தான் இப்படிக் கேக்குதீங்க? நமக்கு இல்லைங்கிறத அம்மா முன்னாடி சொல்லிக் காட்டணுமா?"

செல்போனைத் திறந்தான். பிறந்தநாள் படம். கேக். அவன். பிளெசி. நடுவில் இடைவெளி. இருவர் கையும் அந்த இடைவெளியின் தோளில்.

எப்படித் திரும்பி வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்கூட்டர் சந்தில் சரிந்து கிடந்தது. கேட் பூட்டியிருந்தது. அவன் சாவி அதில் நுழையவில்லை. வீடு முழுக்க விளக்கு எரிந்தது. கீழே, முதல் மாடியில், மேலே, எல்லா அறையிலும். அவன் வாங்கிய நாளிலிருந்து அந்த வீடு அவ்வளவு வெளிச்சமாக இருந்ததே இல்லை.

"ரேச்சல்! ரேச்சல்!"

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு சின்னத் தலை எழுந்தது. அவள்தான். அதே மஞ்சள் சட்டை. உயிரோடு இருந்தாள். கர்த்தாவே, உயிரோடு இருந்தாள்! ரூஃபஸ் கேட் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"டாடி வந்துட்டேன்மா! கீழ வா! ஓடி வா!"

ரேச்சல் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி எட்டிப் பார்த்தாள். தெருவில் நனைந்து நிற்கிற ஆளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள், பெரியவர்களிடம் பேசச் சொல்லிக் கொடுத்திருந்தபடி.

"கோன் ஹோனா அங்கிள்? யாரு வேணும் உங்களுக்கு?"

அவன் கேட் கம்பியில் காலை வைத்து ஏறப் பார்த்தான்.

அவளுக்குப் பின்னால் வெளிச்சத்தில் ஆள் தெரியவில்லை. இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. நீண்ட, ஈரமான விரல்கள். ஜடை பின்னிக்கொண்டிருந்தன. ரேச்சல் தலையை அசைக்காமல், பின்பக்கம் கண்ணை மட்டும் திருப்பி, "மம்மி, யாரோ வந்திருக்காங்க" என்றாள். விரல்கள் நிற்கவில்லை. பின்னல் தோளைத் தாண்டியது. சுவரைத் தாண்டி வெளியே தொங்கியது. அவள் முடி எப்போதோ தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த விரல்கள் அவளைப் பின்னிக்கொண்டே இருந்தன.